இரும்புக்குள் வடக்கு

மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலில்தான் தொடங்குகிறார்கள். நாகப்பட்டினம், மதராஸ் துறைமுகம், ரஜூலா, டெக் பயணம், பினாங்கில் தனிமைப்படுத்தும் முகாம், பிறகு தோட்டம், லயம், பால்மரம். அந்தக் கப்பலில் நம் ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்பதுவரை பதிவாகியிருக்கிறது. மேல்தளத்தில் மாலுமியின் முன்னால் பித்தளைக் கூண்டுக்குள் மிதந்துகொண்டிருந்த திசைகாட்டியைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. அது நம் கையில் இல்லாத பொருள். கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை வேறு ஒருவர் பார்த்துக்கொண்டார்.

அதைப் பற்றி யோசிக்க எனக்கும் காரணம் இருந்ததில்லை. சென்ற ஆண்டு ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன். தோட்டத்து லயத்தில் பிறந்து, ஆலைப் பட்டறையிலேயே வெல்டிங் கற்றவர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரு நீர்மூழ்கி கட்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர் படுத்து, ஒருவர் உட்கார்ந்து போகிற அளவு. எதற்கு என்று கேட்டால், "சும்மா, நம்மால முடியுமான்னு பாக்கத்தான்" என்பார். உடல்கூடு முக்கால்வாசி முடிந்த நிலையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீதான் நெறைய படிக்கிறியே. காம்பஸ் வாங்கறதா, ஜைரோ வாங்கறதா? நூறு வெள்ளிக்கும் இருக்கு, பத்தாயிரம் வெள்ளிக்கும் இருக்கு. எதுன்னு புரியல." அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "சோழன் கப்பல்லயே காம்பஸ் இருந்துச்சாமே. அவன் எத வெச்சிருந்தான்?"

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிய ஆண்டு 1025. மலேசியத் தமிழர்களுக்கு இது குலப்பெருமை போன்ற எண். இந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் சோழர் கையில் திசைகாட்டி இருந்தது என்ற பேச்சு. மேடையில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எழுத்துச் சான்றுகளின் வரிசை வேறுமாதிரி இருக்கிறது. காந்தமேற்றிய ஊசி நூலில் தொங்கும்போது திசை காட்டும் என்பதையும், அது காட்டும் தெற்கு உண்மையான தெற்கிலிருந்து சற்று விலகியிருக்கும் என்பதையும் தெளிவாக எழுதியவர் சீன அறிஞர் ஷென் குவா. அந்த நூலின் காலம் 1088 வாக்கில். கப்பலில் அதைப் பயன்படுத்தியதற்கான முதல் குறிப்பு இன்னும் முப்பது ஆண்டு கழித்து, சூ யூ என்பவர் எழுதியது. பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்க்கும் மாலுமிகள் மேகமூட்டமான நாளில் ஊசியைப் பார்ப்பார்கள் என்கிறார் அவர். 1025-இல் தமிழ்க் கப்பலில் ஊசி இருந்தது என்று சொல்லும் கல்வெட்டோ செப்பேடோ நம்மிடம் இல்லை.

அதே 1088-இல் நம்மிடம் வேறொன்று இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு. ஐந்நூற்றுவர் வணிகக் குழு பொறித்தது, சக ஆண்டு 1010. வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, சுமத்ராவைச் சுற்றிக்கொண்டு, அதன் மறுகரையில் கடை விரித்து, வரி விதிமுறை எழுதிவைக்கும் அளவுக்கு அந்த வணிகர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. பருவக்காற்று, நட்சத்திரம், நீரின் நிறம், பறவை, ஈயக்குண்டு கட்டிய ஆழக்கயிறு. இத்தனையும் தெரிந்தவனுக்கு இல்லாத காம்பஸைக் கொடுத்துத்தான் நாம் பெருமைப்படுத்த வேண்டுமா? எனக்கு அது அவனைக் குறைத்துப் பேசுவதாகவே படுகிறது.

அண்ணனுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. "சரி விடு, அவன் மேல போனான். வானம் இருந்துச்சு. நான் உள்ள போறேன்" என்றார். உண்மையில் பிரச்சினையின் மையம் அதுதான். வானம் இல்லாதவனுக்கு எது வடக்கு?

இந்தியப் பெருங்கடலில் ஒரு பழைய கதை உண்டு. கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறது, இரும்பு ஆணி அடித்த கப்பல் அதன்மேல் போனால் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அதனால்தான் இந்தப் பக்கத்துக் கப்பல்களைக் கயிற்றால் தைக்கிறார்கள் என்று அரபு நாட்டவரும் ஐரோப்பியரும் எழுதிவைத்தார்கள். போஜனின் பெயரில் வழங்கும் யுக்திகல்பதரு என்ற சமஸ்கிருத நூலும் கடற்கலங்களில் இரும்பு கூடாது என்பதற்கு இதே காரணத்தைச் சொல்கிறது. மதராஸ் கரையின் மசூலா படகுகள் தைத்த படகுகள்தாம். உண்மையான காரணம் அலை. கரையில் மோதும்போது ஆணியடித்த பலகை பிளக்கும், தைத்தது வளைந்து கொடுக்கும். காந்தமலை எங்கும் இல்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர்கள் அந்த மலையைத் தாங்களே கட்டி, அதற்குள் ஏறி உட்கார்ந்து, கடலில் மிதக்கவும் விட்டார்கள். அதற்குப் பெயர் இரும்புக் கப்பல்.

1854 ஜனவரியில் டெய்லர் என்ற புத்தம்புதிய இரும்புக் கப்பல் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. முதல் பயணம். இரண்டே நாளில் டப்ளினுக்கு அருகே லாம்பே தீவில் மோதி உடைந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் பிழைப்புத் தேடிப் போன ஏழைகள். தெற்கே போகிறோம் என்று மாலுமிகள் நம்பிக்கொண்டிருக்க, கப்பல் மேற்கே போயிருக்கிறது. திசைகாட்டிகள் பழுதாகவில்லை. சுற்றியிருந்த இரும்பு அவற்றை இழுத்துப் பிடித்திருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதை அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1838-இல், ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில் சோதித்துச் சொல்லியிருந்தார். இரும்பைச் சுத்தியலால் அடிக்கும்போதும் சூடாக்கி ஆறவிடும்போதும் அது பூமியின் காந்தத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. கட்டும்போது கப்பலின் முகம் எந்தத் திசையில் கிடந்ததோ, அந்தத் திசையின் தடம் அதன் உடலில் பதிந்துவிடுகிறது. புதுக் கப்பல் கடலில் அலை அடிபட அடிபட அந்தக் காந்தம் மாறவும் செய்யும். ஏரி கண்ட தீர்வு, திசைகாட்டியைச் சுற்றி எதிர்க் காந்தங்களை வைத்து அந்த இழுப்பைச் சமன் செய்வது. 1870களில் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அதைச் செம்மைப்படுத்தினார். பழைய கப்பல் படங்களில் திசைகாட்டிக் கூண்டின் இருபுறமும் இரண்டு இரும்புக் குண்டுகள் இருக்குமே, அவை அலங்காரமல்ல. கப்பலின் இரும்பு செய்யும் கோளாறை அந்த இரும்பு ஈடுகட்டுகிறது.

அப்படியும் முழுதாகச் சரியாகாது. மிச்சமிருக்கும் பிழையை என்ன செய்வது? கப்பலை மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றிக் கொண்டுவந்து, கரையில் தெரியும் ஒரு நிலைத்த அடையாளத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு திசையிலும் ஊசி எத்தனை பாகை பொய் சொல்கிறது என்று ஓர் அட்டையில் எழுதிவைப்பார்கள். இன்றுவரை அதுதான் வழக்கம். கருவியை நம்புவதற்கு முன்னால் தன் கப்பலின் பொய்யை அளந்துகொள்வது.

அண்ணனிடம் நான் முதலில் கேட்டது, "கூடு கொட்டகையில எந்தத் திசை பாத்துக் கெடக்கு?" என்றுதான். வினோதமாகப் பார்த்துவிட்டு, "ரோட்டப் பாத்து" என்றார்.

வீட்டிலேயே நீர்மூழ்கி கட்டியவர்களின் வரிசையில் அண்ணன் கடைசி ஆள்தான். பழைய நீர்மூழ்கிகளில் பல, தனி மனிதர்களின் கொட்டகையில் பிறந்தவை. 1775-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் டேவிட் புஷ்னெல் கட்டிய 'ஆமை' மரத்தால் ஆனது, ஒருவர் உட்காரலாம். மரம் என்பதால் ஊசிக்குத் தொல்லை இல்லை. தொல்லை வெளிச்சத்தில் இருந்தது. மெழுகுவத்தி ஏற்றினால் இருக்கிற கொஞ்சம் காற்றையும் அது தின்றுவிடும். புஷ்னெல், உளுத்த மரத்தில் வளர்ந்து இருட்டில் பச்சையாக ஒளிரும் பூஞ்சையை எடுத்து ஊசியிலும் ஆழமானியிலும் ஒட்டினார். குளிர் காலத்தில் பூஞ்சை ஒளிராமல் போக, வேறு வழி உண்டா என்று பெஞ்சமின் பிராங்கிளினிடம் கேட்டுச் சொல்லும்படி அவருடைய நண்பர் ஒருவர் கடிதம் எழுதினார். 1776 செப்டம்பரில் எஸ்ரா லீ என்ற படைவீரர் அதில் ஏறி நியூயார்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தாக்கப் போனார். தாக்குதல் பலிக்கவில்லை. திரும்பும்போது திசைகாட்டி பயன்படாமல் போக, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து தலை நீட்டி வழி பார்த்துக்கொண்டே தப்பினார்.

இதைப் படித்தபோது கம்போங் குவாந்தான் மின்மினிகள் ஞாபகம் வராமல் இருக்குமா? சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் கூட்டம் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுகிற பூச்சிகள். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி. அந்தக் காலத்தில் இரவில் படகோட்டியவர்கள் அந்த மரங்களை வைத்து ஆற்றின் வளைவுகளை அடையாளம் கண்டார்கள் என்று அங்கே சொல்வார்கள். புஷ்னெலின் பூஞ்சையும் இந்த மின்மினியும் செய்த வேலை ஒன்றுதான்.

எண்பத்தாறு ஆண்டு கழித்து, 1862-இல், நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் மெக்கிளின்டாக்கும் கூட்டாளிகளும் இரும்பில் ஒரு நீர்மூழ்கி கட்டினார்கள். மெக்கிளின்டாக் பிற்பாடு எழுதிய கடிதத்தில் ஒரு குறை சொல்கிறார்: ஊசி மிக மந்தமாக அசைந்தது, கலம் வழி மாறி ஒன்றிரண்டு நிமிடம் போன பிறகே அது தெரியவந்தது, அதனால் அடிக்கடி மேலே வர நேர்ந்தது. அவர்களுடைய மூன்றாவது கலம்தான் ஹன்லி. 1864 பிப்ரவரி 17 இரவு அது ஹூசட்டானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. எதிரிக் கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி. எட்டுப் பேரோடு அதுவும் திரும்பவில்லை. சோதனைகளில் இறந்தவர்களையும் சேர்த்தால் ஹன்லி தன் பக்கத்து ஆட்களிலேயே பலி கொண்டது இருபத்தோரு பேர். அண்ணனிடம் இந்த எண்ணைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். வீட்டில் கட்டும் நீர்மூழ்கியின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை யாரும் தாண்டிப் போகக்கூடாது.

இனி ஜைரோ. அதுவும் ஒரு தனி மனிதனின் நீர்மூழ்கிக் கனவிலிருந்து வந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கேம்ஃபே ஒரு ஜெர்மானியர். மருத்துவம் படித்து, கலை வரலாற்றுக்கு மாறி, துருவப் பயணத்தில் ஆசை கொண்டவர். பனிக்கட்டிக்கு அடியில் நீர்மூழ்கியில் போய் வடதுருவத்தை அடையலாம் என்று 1900களின் தொடக்கத்தில் வியன்னாவில் திட்டம் வைத்தார். துருவத்துக்கு அருகில் காந்த ஊசி உதவாது, எஃகுக் கூட்டுக்குள் அது இன்னும் மோசம் என்பது விரைவில் புரிந்தது. அப்படியானால் காந்தமே வேண்டாத ஒரு திசைகாட்டி வேண்டும். 1904-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு கீல் நகரில் நிறுவனம் தொடங்கினார். 1908-இல் ஜெர்மன் கடற்படை அதைச் சோதித்தது.

கொள்கை எளிமையானது. வேகமாகச் சுழலும் சக்கரத்தின் அச்சு, தான் நோக்கும் திசையை விடாது. பம்பரம் விட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் சும்மா சுழலும் சக்கரத்துக்கு வடக்கு தெரியாது. வைத்த திசையைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதோடு ஒரு எடையைத் தொங்கவிட்டால் பூமி சுழலச் சுழல அச்சு சாய்கிறது, எடை அதை இழுக்கிறது. அந்த இழுப்புக்கு சக்கரம் பக்கவாட்டில் திரும்பி, கடைசியில் வடக்கு தெற்காக வந்து நிற்கிறது. அது காந்த வடக்கு அல்ல, உண்மையான வடக்கு. பழைய கருவிகளில் இப்படி அமைதியடையச் சில மணி நேரம் ஆகும். அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரி தன்னுடையதை 1911-இல் போர்க்கப்பலில் சோதித்தார். காப்புரிமை வழக்கு மூண்டது. பெர்லின் நீதிமன்றம் நிபுணராக அழைத்தது முன்னாள் காப்புரிமை அலுவலக ஊழியரான ஆல்பர்ட் ஐன்ஸ்டைனை. அவர் கருத்து அன்ஷூட்ஸுக்குச் சாதகமாக அமைந்தது. பின்னர் அவருடைய கருவியை மேம்படுத்தவும் ஐன்ஸ்டைன் உதவினார். ஒரு வேடிக்கை மிச்சமிருக்கிறது. பூமியின் சுழற்சியைக் கொண்டு வடக்கைத் தேடும் இந்தக் கருவியும் சரியாகத் துருவத்தின்மேல் வேலை செய்யாது. அன்ஷூட்ஸ் எந்த இடத்துக்குப் போக அதைக் கண்டுபிடித்தாரோ அந்த இடத்தில் அது கைவிடும். அது மிகப் பலமாக வேலை செய்யும் இடம் பூமத்திய ரேகை. கோலசிலாங்கூர் அந்தக் கோட்டிலிருந்து மூன்று பாகை சொச்சம்தான்.

துருவத்துக்குப் போகாத அந்தக் கருவி போருக்குப் போனது. அதன் வழியாக நம் வரலாற்றுக்குள்ளும் வந்தது. 1942 செப்டம்பரில் பினாங்கிலிருந்து ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி சின்னக் குழு ஒன்றை ஏற்றிக்கொண்டு மலபார் கரைக்குப் போனது. சுவராஜ் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் பினாங்கில் நடந்த நிலையத்தில் உளவுப் பயிற்சி பெற்ற மலாயா இந்தியர்கள். தானூர் அருகே ரப்பர் படகில் இறங்கியவர்கள் உடனே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று மதராஸ் சிறையில் தூக்கிலிடப்பட்ட நால்வரில் ஒருவர் இந்தக் குழுவில் வந்த வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூரிலிருந்து மலாயாவுக்கு வேலைக்கு வந்தவர்.

அதே 1943 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் கீல் துறைமுகத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறினார். அன்ஷூட்ஸின் நிறுவனம் இருந்த அதே கீல். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, கரையே தெரியாத கடலில், அது ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றைச் சந்தித்தது. கொந்தளிப்பில் ரப்பர் படகில் போஸும் அபித் ஹசனும் மாறினார்கள். இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். மே மாதம் சபாங், ஜூலையில் சிங்கப்பூர். அதற்குப் பிறகுதான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணி படையில் சேர்ந்தார்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் தலை குனிந்து நின்றவர்கள் துப்பாக்கி பிடித்த கதைக்கு முன்கதையாக, இரண்டு இரும்புக் குழாய்கள் நடுக்கடலில் ஒரு புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடித்த கதை இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடித்தன? ஜைரோ தனியாக அதைச் செய்யவில்லை. அந்தக் காலத்து நீர்மூழ்கி பெரும்பாலான நேரம் நீர்மேல் ஓடும் கப்பல்தான், ஆபத்து வந்தால் மூழ்கும். மேலே இருக்கும்போது சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டண்டால் அளந்து, இருக்கும் இடத்தைத் திருத்திக்கொள்வார்கள். ஜைரோ திசையைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது. உலகின் ஆகச்சிறந்த திசைகாட்டி வைத்திருந்தவர்களும் வானத்தைப் பார்க்க மேலே வந்துகொண்டே இருந்தார்கள். எஸ்ரா லீயைப்போல.

தமிழர் கையால் கட்டிய நீர்மூழ்கி என்றதும் நம் வாசகர்களுக்கு முல்லைத்தீவு நினைவுக்கு வரும். 2009 பிப்ரவரியில் இலங்கை இராணுவம் அங்கே கைப்பற்றிக் காட்டிய கலங்களின் படங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது ஒரு பெரும் போரின் பகுதி, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அந்தக் கரையின் இன்னொரு கதையை இங்கே சொல்லலாம். வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். நம் ஆட்கள் கடலறிவு உள்ளவர்கள் என்று காட்ட, தேதியும் சாட்சியும் உள்ள இப்படிப்பட்ட கதைகள் போதும்.

இனி கோலசிலாங்கூர் நிலவரம். புக்கிட் மெலாவாத்தி குன்றில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. அதற்கு ஆல்ட்டிங்ஸ்பர்க் என்று பெயர். 1784-இல் சிலாங்கூரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கோட்டைக்குத் தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரை வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் கோட்டையை மீட்டுவிட்டார், பெயர் மட்டும் விளக்கில் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் தெரிவது தெளிந்த நீலக் கடல் அல்ல. ஆறு கொண்டுவரும் சேறு, அலையாத்திக் காடு, பழுப்பு நீர். இந்தக் கரையின் சேற்றுக்குப் பெரிய படைகளே தப்பவில்லை. 1945 செப்டம்பரில் தெற்கே மோரிப்பில் இறங்கிய பிரிட்டிஷ் வண்டிகள் புதைந்து நின்றன. பெரிய ஓதத்தின்போது நாலு மீட்டரளவு நீர் ஏறி இறங்கும், ஆற்றுவாயில் இழுப்பு பலமாக இருக்கும். மூழ்கினால் கண்ணாடி வழியே கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது. கரையை மட்டுமல்ல, தான் நகர்கிறோமா என்பதையும் கருவிதான் சொல்ல வேண்டும்.

இயற்கை இந்த ஊருக்கு ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகல் இங்கே ஒரு பாகைக்கும் குறைவு. காந்த நடுக்கோடு தென்தமிழகத்தின்மீது போய், நமக்கு வடக்கே மலாய்த் தீபகற்பத்தைக் கடக்கிறது. அதனால் ஊசி இங்கே ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும். ஊசியைத் திருப்பும் கிடைமட்ட காந்தபலம் பிரிட்டனில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு. அதே இரும்பு அங்கே பத்து பாகை இழுத்தால் இங்கே ஏறக்குறைய ஐந்துதான் இழுக்கும். ஐந்து பாகை சின்னதல்ல. ஒரு கிலோமீட்டர் போனால் எண்பத்தேழு மீட்டர் விலகியிருப்பீர்கள். அந்தத் தூரம் போதும் சேற்றுத் திட்டில் ஏற.

இவ்வளவும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னது இதுதான். வடக்கை உண்மையாகத் தேடும் ஜைரோ திசைகாட்டி விலையில் கார் அளவு, மின்சாரம் தின்னும், ஒருவர் படுத்துப்போகும் கலத்துக்கு ஒத்துவராது. கைப்பேசியிலும் டிரோனிலும் இருக்கும் சில்லு ஜைரோ மலிவு, ஆனால் அதற்கு வடக்கு தெரியாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அந்த மெதுவான சுழற்சியை உணர முடிந்தால்தான் ஒரு ஜைரோவால் வடக்கைக் கண்டுபிடிக்க முடியும். மலிவுச் சில்லின் சொந்தத் தள்ளாட்டத்தில் அது மூழ்கிவிடும். ஆனால் சில நிமிடங்களுக்கு, வைத்த திசையைப் பிடித்துக்கொள்ள அது போதும். மெக்கிளின்டாக்கின் ஊசி மந்தமாக அசைந்த அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் இதற்கான வேலை.

வடக்கைச் சொல்லக் காந்தமே போதும். ஆனால் அதைக் கூட்டுக்குள் வைக்கக்கூடாது. மின்னணுக் காந்தமானியை எஃகிலிருந்து தள்ளி, மேலே பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கம்பத்தில், நீர் புகாத பெட்டிக்குள் வைத்து, வயரை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். மோட்டாருக்குப் போகும் இரண்டு கேபிளையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் ஓடும்போதெல்லாம் ஊசி ஆடும். வெல்டிங் முழுதும் முடிந்த பிறகு, பெசுத்தாரி ஜெயா பக்கம் ஈயம் தோண்டிய குட்டை ஒன்றில், நீரோட்டம் இல்லாத இடத்தில், கலத்தை முழு வட்டம் சுற்றி, மோட்டாரை நிறுத்தி ஒரு தடவை, ஓட்டி ஒரு தடவை, பிழைகளை அட்டையில் எழுத வேண்டும். பாட்டரியை இடம் மாற்றினாலும், புதிதாக ஓர் இரும்புத் துண்டை ஒட்டினாலும் மறுபடி எழுத வேண்டும். மேலே மிதவையோடு கட்டிய கயிறும், அதைப் பார்த்துக்கொண்டே வரும் படகும், அதில் முக்குளிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாமல் மூழ்கக்கூடாது. கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன் கடல்துறை இலாகாவிடம் கேட்க வேண்டும்.

"அப்போ கருவி செலவு கம்மி, வேல ஜாஸ்தின்ற" என்றார் அண்ணன். அவ்வளவுதான். பத்தாயிரம் வெள்ளிக் கருவியை வாங்கி இரும்புக்கு நடுவே வைத்தவரைவிட, நூறு வெள்ளிக் கருவியைத் தள்ளி வைத்து அதன் பிழையை எழுதிவைத்தவர் பத்திரமாகக் கரை சேர்வார். டெய்லர் கப்பலில் மூன்று திசைகாட்டிகள் இருந்தன. எதுவும் உதவவில்லை.

சோழன் காம்பஸ் கேள்விக்கு இப்போது திரும்பலாம். தோட்டத்திலிருந்து வந்த நமக்குக் கடாரம் ஒரு மருந்து. கூலிகளாகத்தான் வந்தோம் என்று சொல்பவர்களிடம், கப்பற்படையோடு வந்தவர்களும் நாங்கள்தான் என்று சொல்ல அது உதவுகிறது. அந்தத் தேவையை நான் ஏளனம் செய்யமாட்டேன். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தெனமாரம் தோட்டத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்ததை எழுதும் புத்தகங்கள் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரையின் பெயரைச் சொல்கின்றன. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் அவற்றில் இல்லை. பெயரில்லாதவர்களின் பேரப்பிள்ளைகள் ராஜேந்திரனைப் பிடித்துக்கொள்வது இயல்புதான்.

ஆனால் அந்த வலியும் பெருமையும் நாம் கட்டிக்கொண்டிருக்கும் கலத்தின் இரும்பு. எந்த லயத்தில், எந்தத் திசை பார்த்து, எத்தனை அடி வாங்கி நாம் உருவானோமோ அதன் காந்தம் நமக்குள் இருக்கிறது. அதை அகற்ற முடியாது, அகற்றினால் கலமே இருக்காது. வரலாறு எழுதும்போது ஊசியை அதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கலாம். எந்தப் பக்கம் திரும்பும்போது எத்தனை பாகை இழுக்கிறது என்று எழுதியும் வைத்துக்கொள்ளலாம். எஃகுக் கப்பல்களில் மாலுமியின் கண்ணெதிரே அப்படியொரு அட்டை தொங்கும், அதில் இருப்பது முழுக்க அந்தக் கப்பலின் சொந்தப் பிழைகள். அதை மறைக்க வேண்டும் என்று எந்த மாலுமியும் நினைத்ததில்லை.